கப்பல் தண்ணீர்

அறைக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது கடல் அன்று. ஒரு தண்ணீர்ப் பாட்டில்.

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் கப்பல் ஏறிப் பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு, நான்கு இரவுகள் கழித்து மறுபடியும் சிங்கப்பூருக்கே வந்து சேரும் உல்லாசப் பிரயாணம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுதான் பொருத்தம். டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் தன் சொந்தச் செலவில் ஏறக்கூடிய கப்பல் அன்று அது. பதினைந்து மாடி உயரம். உள்ளே கடைத்தெரு, நாடகக் கொட்டகை, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. தெப்பக்குளமும் தேரும்தான் பாக்கி.

எங்கள் அறை மேஜைமேல் அந்தப் பாட்டில் நின்றது. அதன் கழுத்தில் காகித மாலை ஒன்று. மாலையில் விலை அச்சாகியிருந்தது. மூடியைத் திறந்தால் அந்தத் தொகை நம் கணக்கில் ஏறும் என்று பணிவான வாசகம் வேறு. குளியலறையில் குழாய் இருந்தது. திருகினால் பளிங்கு போல் தண்ணீர் கொட்டியது. அதற்கு விலை இல்லை, மாலையும் இல்லை.

என் மனைவி குழாயைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "கடல் தண்ணியைத்தானே காய்ச்சிக் குழாயிலே விடறாங்களாம்? குழந்தை வந்திருக்கா. வயிற்றுக்கு ஏதாவது ஆயிட்டா நடுக்கடலில் யாரைத் தேடறது?" என்றாள்.

குடும்பத் தலைவன் ஒருவன் தன் பெருந்தன்மையைக் காட்டுவதற்கு இதைவிட மலிவான சந்தர்ப்பம் கிடைக்காது. "தண்ணீரில் என்ன கணக்குப் பார்ப்பது!" என்று சொல்லி, ஒரு டஜன் பாட்டில்களுக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட சிப்பந்தி அவற்றைச் சுமந்துகொண்டு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பேச்சிலேயே ஊர் தெரிந்துவிட்டது. எனக்கும் திருநெல்வேலிச் சீமைதான் என்று அறிந்ததும், "அண்ணாச்சி" என்று வாய் நிறைய அழைக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. சூரிய உதயம் பார்க்கலாம் என்று வெளியே வந்தேன். தாழ்வாரத்தின் கோடியில் சிப்பந்திகளுக்கான சிறிய அறை ஒன்று. கதவு பாதி திறந்திருந்தது. நேற்று எங்களுக்குப் பாட்டில் சுமந்து வந்த அதே பையன், அங்கே ஒரு குழாயடியில் நின்று தன்னுடைய பழைய எவர்சில்வர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். நிரப்பி, அண்ணாந்து, நம் ஊர் வழக்கப்படி உதட்டில் படாமல் நாலு மடக்குக் குடித்தார்.

"தம்பி, இது குடிக்கிற தண்ணீரா?"

"ஆமா அண்ணாச்சி. எங்களுக்கு எப்பவும் இதான். சமையலுக்கும் இதான். கேப்டன் ரூம் குழாயிலயும் இதேதான் வருது."

"எங்கள் அறைக் குழாயில்?"

"அதுவும் இதேதான். எல்லாத்துக்கும் தண்ணி ஒண்ணுதானே அண்ணாச்சி?"

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

அவர் சிரித்தார். "நீங்க கேக்கலையே!"

சூரிய உதயம் பார்க்க நான் போகவில்லை. அறைக்குத் திரும்பி வந்து, வரிசையாக நின்ற அந்தப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குழாய்த் தண்ணீர் நல்லது என்றால், நான் அனாவசியமாக ஒரு டஜன் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கப்பலுக்கும் கடலுக்கும் பாரமாக்கிவிட்டேன். அது கெடுதல் என்றால், என் குழந்தைக்கு ஆகாது என்று நான் ஒதுக்கிய தண்ணீரை, என் குழந்தையின் படுக்கையை விரிக்கிற ஒரு தாய் பெற்ற பிள்ளை தினமும் குடிக்கிறான். அதைத் தெரிந்துகொள்ளாமலே நான் தூங்கி எழுந்திருக்கிறேன். தண்ணீர் நல்லதானாலும் பிழை என்னுடையது. கெட்டதானாலும் பிழை என்னுடையது. தப்பிக்க வழியில்லை.

தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தர்மம் பிறகு வரட்டும்.

பாய்மரக் கப்பல் காலத்தில் கடற்பிரயாணிகளுக்குப் புயலைவிடப் பெரிய பயம் தண்ணீர்தான். மரப் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு போவார்கள். சில வாரங்களில் அது பச்சை நிறமாகிப் பாசி பிடித்து நாறும். ஆங்கிலேயக் கடற்படையில் மாலுமிகளுக்குப் பீரும் ரம்மும் படியளந்ததற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். 1740இல் வெர்னன் என்ற தளபதி, ரம்மைத் தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நடுவில் தாகத்தால் வாடும் மனிதர்கள். கடல் நீரைக் காய்ச்சி அதன் ஆவியைப் பிடித்தால் நல்ல நீர் கிடைக்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 1760களில் எடுத்துச் சொன்னார். எலுமிச்சையும் ஆரஞ்சும் மாலுமிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று சோதித்துக் காட்டியவரும் இவரே.

இன்றைய கப்பல்களில் நடப்பது லிண்ட் சொன்னதன் வளர்ச்சிதான். கப்பலை ஓட்டும் இயந்திரங்களில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு கடல் நீரைக் கொதிக்க வைக்கிறார்கள். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் அது நூறு டிகிரி வரை போகாமல் வெகு முன்னதாகவே கொதித்து ஆவியாகிறது. மற்றொரு முறையில், மிக நுண்ணிய சவ்வின் வழியே கடல் நீரை அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். துறைமுகங்களில் கரைத் தண்ணீரை வாங்கி நிரப்பிக்கொள்வதும் உண்டு. இப்படிக் கிடைத்த நீர் சப்பென்று இருக்கும், குழாய்களையும் அரிக்கும். ஆகையால் தாது உப்புக்களைச் சிறிது சேர்த்து, கிருமி தங்காதிருக்கக் குளோரினும் கலந்து, பிறகு குழாயில் விடுகிறார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது அங்குள்ள அழுக்கு நீரை எடுத்து இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது நியதி.

அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்வரும் உல்லாசக் கப்பல்களைச் சோதிப்பதற்கென்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 1975இலிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது. அதன் விதிகளைப் படித்தபோது எனக்கு ஏதோ ஆகம விதிகளைப் படிப்பது போலவே இருந்தது. குடிநீர்க் குழாய்க்குத் தனி நிறம் பூச வேண்டும். குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, 5 மில்லிகிராமுக்கு மேல் போகவும் கூடாது. மாதத்துக்கு நான்கு இடங்களிலேனும் தண்ணீர் எடுத்துக் கிருமிச் சோதனை செய்ய வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பார்கள். நூற்றுக்கு 86 மதிப்பெண் வாங்கினால்தான் தேர்ச்சி. நான் பள்ளிக்கூடத்தில் தேறியதெல்லாம் 35 மதிப்பெண்ணில் என்பதை நினைத்துக்கொண்டேன். மற்றக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் சுகாதார வழிகாட்டி வகுத்திருக்கிறது. சர்வதேசக் கப்பல்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

கப்பல்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரவுவது உண்மைதான். பெரும்பாலும் அதற்குக் காரணம் நோரோ என்ற வைரஸ். அது பெரும்பாலும் கழுவாத கையிலிருந்து கைக்கும், கைப்பிடிக்கும், கரண்டிக்கும், உணவுக்கும் தாவுகிறது. பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுக் கை கழுவாமல் விருந்துக்குப் போகிறவனைவிட, குழாய்த் தண்ணீர் குடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவன் பத்திரமானவன்.

மறுபக்கம், பாட்டில் தண்ணீர் தேவலோகத்திலிருந்து இறங்கி வருவதன்று. கிணற்று நீரோ ஆற்று நீரோ கடல் நீரோ எதையும் சுத்திகரித்து அடைக்கலாம் என்று நம் நாட்டுத் தர விதியே இடம் கொடுக்கிறது. 2024இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை அதிக அபாயமுள்ள உணவு வகைகளில் சேர்த்துக் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தியது. அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணிக் காட்டினார்கள். அவை உடம்பை என்ன செய்யும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. ஆகையால் அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. சுத்தம் என்று நாம் விலை கொடுத்து வாங்குவதற்குள்ளும் நாம் அறியாதவை மிதக்கின்றன என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது பிற்பாடு. கப்பலில் என் மனைவியிடம் என்னால் சொல்ல முடிந்தது ஒன்றே: "சென்னையிலும் கடல் தண்ணீர்தானே குழாயில் வருகிறது? மீஞ்சூரில் 2010இலிருந்து, நெம்மேலியில் 2013இலிருந்து கடல் நீரைக் குடிநீராக்குகிறார்களே!"

"அதனால்தான் சென்னையிலும் கேன் வாங்கறோம்" என்றாள் அவள்.

வாதத்தில் நான் தோற்ற இடம் இதுதான். யோசனை தொடங்கிய இடமும் இதுதான்.

என் தாத்தா சிறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போகிற பிரயாணம். குறிப்பிட்ட நேரத்தில் தண்ணீர் ஊற்றுவார்களாம். செம்பும் தகரக் குவளையுமாக எல்லோரும் வரிசையில் நிற்பார்களாம். "ஊரிலே தெருவுக்குத் தெரு தனிக் கிணறுடா. நாங்க தொட்டா அவங்க குடிக்க மாட்டாங்க, அவங்க தொட்டா நாங்க குடிக்க மாட்டோம். கடலுக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே தொட்டி. முதல் நாள் ரெண்டு பேர் குடிக்காம இருந்து பார்த்தாங்க. ரெண்டாம் நாள் அவங்கதான் வரிசையிலே முன்னாலே நின்னாங்க" என்று சொல்லிவிட்டுப் பொக்கை வாய் திறந்து சிரிப்பார்.

தண்ணீரைப் பிரித்துக் குடிப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் ஹிந்துக்களுக்கு ஒரு பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை என்று வைத்திருந்தார்கள். 1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் மஹாட் ஊரின் சவ்தார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். சட்டப்படி எல்லோருக்கும் உரிய பொதுக்குளம் அது. ஆனாலும் அந்த ஒரு கைத் தண்ணீருக்காக அவருடன் வந்தவர்கள் அடி வாங்கினார்கள். குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'.

பாட்டில் தண்ணீர் வாங்குகிறவன் தீண்டாமை பாராட்டுகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். அவன் பயம் கிருமியைப் பற்றியது. மனிதனைப் பற்றியது அன்று. ஆயினும், 'எல்லோரும் குடிப்பதை நான் குடிக்க மாட்டேன்' என்ற சொல் நம் நாக்குக்கு மிகவும் பழக்கமான சொல். பழக்கமான சொல்லை உச்சரிக்கும்போது சற்று நிதானித்துக்கொள்வது நல்லது.

கப்பல் குழாயில் நல்ல தண்ணீர் வருவதற்கு என்ன காரணம்? இயந்திரம் ஒரு காரணம். விதிகளும் சோதனைகளும் மற்றொரு காரணம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் மூன்றாவது காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கப்பலை விட்டு யாரும் வெளியேற முடியாது. இயந்திர அறையில் குளோரின் கலக்கிறவரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அவருடைய மேலதிகாரியும், காப்டனும் அதைத்தான் குடிக்க வேண்டும். தண்ணீர் கெட்டால் கப்பல் முழுதும் படுத்துவிடும். தன் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொருவனும் எல்லோருடைய வயிற்றையும் காப்பாற்றியாக வேண்டும். இங்கே தன்னலமும் பொதுநலமும் ஒரே குழாயில் ஓடுகின்றன.

கரையில் அப்படி இல்லை. கரையில் வெளியேறுவதற்கு வழி இருக்கிறது. அந்த வழியின் பெயர்தான் பாட்டில்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற நகரத்தில், செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரை வேறு ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிக்காதிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கரைந்து வந்தது. ஜனங்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். தண்ணீர் நல்லதுதான் என்று அதிகாரிகள் சாதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அந்தத் தண்ணீர் இயந்திர பாகங்களை அரிக்கிறது என்று அங்கிருந்த பெரிய மோட்டார் தொழிற்சாலை அதை வேண்டாமென்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பிறகும் ஓர் ஆண்டு குடித்தார்கள். ஒரு குழந்தை மருத்துவர் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தைக் கணக்கெடுத்துக் காட்டிய பிறகுதான் 2015 அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்ப வந்தது.

இந்தச் சம்பவத்தை என் மனைவியின் கட்சிக்கும் சாட்சியாகச் சொல்லலாம். என் கட்சிக்கும் சொல்லலாம். 'நம்பு, நம்பு என்றார்களே, நம்பினவர்கள் கதி என்ன ஆயிற்று?' என்று அவள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஒரு தர்மமாகாது. தர்மத்துக்காக யாரும் வயிற்றுவலியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அதிலும் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் உரிமை எந்தத் தகப்பனுக்கும் இல்லை. கைக்குழந்தை இருந்தால், நோயாளி இருந்தால், துறைமுகத்தில் இறங்கி முன்பின் தெரியாத ஊரில் சுற்றப் போனால், பாட்டில் வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. அதைக் குற்றம் என்கிறவனுக்குப் பிள்ளை குட்டி இல்லை என்று அர்த்தம்.

ஆனால் என் பக்கமும் ஒரு வார்த்தை உண்டு. வலுவுள்ளவன் சத்தம் போடாமல் வெளியேறிவிட்டால், உள்ளே இருக்கிறவனுடைய சத்தம் யார் காதிலும் விழாது. ஃபிளின்ட் நகரத்தில் தொழிற்சாலை குழாயை மாற்றிக்கொண்ட அன்றைக்கே ஊர் முழுவதும் மாறியிருந்தால் ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும். பாட்டில் வாங்குவது பாவம் இல்லை. வாங்கிய பிறகு குழாயை மறந்துவிடுகிறோமே, அதுதான் பாவம் என்று எனக்குப் படுகிறது. விலகிப் போகிறவனுக்கு ஒரு கடன் இருக்கிறது. தான் ஏன் விலகினான் என்பதை உரக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தனக்கு ஆகாதது மற்றவனுக்கும் ஆகாது என்று சொல்ல வேண்டும். பாட்டிலின் விலை காகித மாலையில் அச்சாகியிருக்கிறது. இந்தக் கடன் அதில் அச்சாவதில்லை.

கப்பலில் மீதியிருந்த மூன்று நாளும் நான் குழாய்த் தண்ணீரைக் குடித்தேன். என் மனைவியும் பெண்ணும் பாட்டில் தண்ணீரைக் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே வெற்றி யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இறங்குகிற அன்று காலிப் பாட்டில்களை அந்தத் தூத்துக்குடித் தம்பிதான் பையில் கட்டி எடுத்துப் போனார். பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவது சர்வதேசச் சட்டப்படி 1988இன் இறுதியிலிருந்தே தடை. எல்லாவற்றையும் கரையில்தான் இறக்க வேண்டும். "அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க அண்ணாச்சி, குழாயிலேயே ஐஸ் போட்டுப் பிடிச்சுத் தர்றேன்" என்றார். அடுத்த தடவை என்ற ஒன்று என் வாழ்க்கையில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

இத்துடன் முடித்திருந்தால் இது ஒரு நல்ல உபதேசமாக இருந்திருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்ததையும் சொன்னால்தான் உண்மையாகும்.

சென்னைக்கு வந்த சில நாட்களுக்குப் பின், குழாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, நம் வீட்டுக் குழாயில் என்னதான் வருகிறது என்று பார்த்துவிட ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டில் பல வருஷங்களாக இருபது லிட்டர் கேன்தான். குழாய்த் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் துலக்கவும். தெருவிலிருந்து வரும் தண்ணீர் முதலில் நிலத்தடித் தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். தெருக் குழாய் வந்து விழுகிற இடத்தில் ஒரு சீசா, சமையலறைக் குழாயில் ஒரு சீசா என்று இரண்டு பிடித்து ஒரு சோதனைச் சாலையில் கொடுத்தேன். குறை காணப் போகிறோம் என்ற உற்சாகம் எனக்குள் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். யாருக்கு என்ன கடிதம் எழுதுவது என்று வாசகங்கள்கூட மனத்தில் ஓடின.

சோதனை முடிவு வந்தது. தெருக் குழாய்த் தண்ணீரில் குளோரின் போதுமான அளவு இருந்தது, கிருமி இல்லை. சமையலறைக் குழாய்த் தண்ணீரில் குளோரினும் இல்லை. கோலிஃபார்ம் கிருமி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் தொட்டி.

தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடைச் சேறு. சுவரில் பாசி. அதைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று எனக்கும் நினைவில்லை, என் மனைவிக்கும் நினைவில்லை. நினைவிருக்க என்ன அவசியம்? அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை அல்லவா?

அப்போது சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக வேலை செய்கிற அம்மாள், பாத்திரங்களைத் துலக்கி முடித்துவிட்டு, குழாயைத் திருகிக் குவளையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். கேன் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. அதில் பிடித்துக் குடிக்க வேண்டாம் என்று நாங்கள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பிடித்துக் குடியுங்கள் என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. எட்டு வருஷமாக அவர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்பதை நான் கவனித்ததே இல்லை. அதே தவற்றைக் கப்பலில் ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பற்றிக் கட்டுரை எழுதவும் குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவினோம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, நாள்காட்டியில் குறித்து வைக்கிறேன். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, வீட்டில் எல்லோரும் அதையே குடிக்கிறோம். என் மனைவியின் யோசனைதான் அது. "எல்லாரும் குடிச்சாத்தான் தொட்டி சுத்தமா இருக்கும்" என்றாள். நான் ஒரு கப்பல் ஏறி இறங்கிக் கண்டுபிடித்ததை அவள் சமையலறையில் நின்றபடி ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

தொட்டி கழுவிய அன்று அந்த அம்மாளிடம் கேட்டேன்: "தண்ணீர் ஒரு மாதிரியாக இருந்தது உங்களுக்குத் தெரியவில்லையா?"

"தெரியாம என்னங்க ஐயா? ரெண்டு வருஷமாவே வாடை வந்துச்சே" என்றார்.

"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே, ஐயா" என்றார் அவர்.